இருட்டுக்கு இட்ட எண்

2023இல் வெளியான 'தி கிரியேட்டர்' படத்தின் பெரும்பகுதி சோனி எஃப்எக்ஸ்3 என்ற கேமராவில் எடுக்கப்பட்டது. ஒரு கையில் அடங்கிவிடும் அளவு. கல்யாண வீடியோ எடுப்பவர்கள்கூட வாங்கக்கூடிய விலை. அதில் ஐஎஸ்ஓ 12,800 இருந்ததால் நிலா வெளிச்சத்திலேயே படம்பிடிக்க முடிந்தது என்று இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ் பேட்டிகளில் சொல்ல, அந்த எண்ணுக்குத் தனி மவுசு வந்துவிட்டது. இன்னொரு பக்கம், ஜெர்மனியின் ஆர்ரி நிறுவனம் 2010இல் கொண்டுவந்த அலெக்ஸா. ஃபிலிமை விட மனமில்லாதிருந்த ஒளிப்பதிவாளர்களை டிஜிட்டலுக்கு இழுத்துவந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. அதன் அடிப்படை எண் வெறும் 800. 12,800ஐ 800ஆல் வகுத்தால் 16 வரும். ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியையும் ஒரு ஸ்டாப் என்னும் ஒளிப்பதிவாளர் கணக்கில் நாலு ஸ்டாப். விலை பல மடங்கு குறைந்த கேமரா 16 மடங்கு நன்றாக இருட்டைப் பார்க்கிறது என்றுதானே இதற்குப் பொருள்? இல்லை. அந்த 16 மடங்கில் பெரும்பகுதி சென்சாரில் இல்லை. எந்த அளவு இரைச்சலை ஒரு நிறுவனம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது என்பதில்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் இது தெளிவாகிவிடும். கடினமான கணக்கும் இல்லை.

முதலில் இந்த எண் எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஃபிலிம் காலத்தில், குறிப்பிட்ட அளவு ஒளி பட்டதும் நெகட்டிவ் எவ்வளவு கறுக்கிறது என்று அளந்து வேகத்தைச் சொன்னார்கள். டிஜிட்டல் சென்சாரில் கறுக்க எதுவும் இல்லை. வெளிவரும் மின்சைகையை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம் என்பதால் 'போதுமான வெளிச்சம்' என்பதற்கு இயற்கையாக ஒரு கோடு கிடையாது. 1998இல் வந்த ஐஎஸ்ஓ 12232 தரநிலை அந்தக் கோட்டை வெவ்வேறு விதங்களில் போட்டுப் பார்த்தது. சென்சார் நிரம்பி வழியும் புள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது ஒரு வழி. இரைச்சலைக் கொண்டு அளப்பது இன்னொரு வழி: சைகை இரைச்சலைப் போல் 40 மடங்கு இருந்தால் படம் 'மிக நன்று', 10 மடங்கு இருந்தால் 'ஏற்கத்தக்கது'. ஜப்பானிய கேமரா உற்பத்தியாளர் சங்கம் முன்வைத்த இரண்டு முறைகள் 2006 திருத்தத்தில் சேர்ந்தன. அவற்றில் ஒன்று, கேமராவிலிருந்து வெளிவரும் முடிந்த படத்தில் நடுச் சாம்பல் எந்த அளவில் நிற்கிறது என்று பார்ப்பது. மற்றொன்றின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும்: பரிந்துரைக்கப்படும் எக்ஸ்போஷர் எண். உற்பத்தியாளர் எதைப் பரிந்துரைக்கிறாரோ அதுதான் எண். இந்தத் தரநிலை முழுவதும் புகைப்படக் கேமராக்களுக்காக எழுதப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. சினிமாக் கேமரா முடிந்த படத்தைத் தருவதில்லை. பின்னால் வண்ணம் சீர்செய்வதற்கான ராவையோ லாகையோ தருகிறது. ஆகவே நடைமுறையில் அதற்கு மிஞ்சுவது பரிந்துரை மட்டுமே. ஆர்ரி தன் எண்ணை ஐஎஸ்ஓ என்று அழைக்காமல் இ.ஐ., அதாவது எக்ஸ்போஷர் இண்டெக்ஸ், என்கிறது. கோடாக்கும் தன் சினிமா ஃபிலிமுக்கு அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறது. இந்த அடக்கம் வேண்டியதுதான்.

இனி கணக்கு. நடுச் சாம்பலுக்கு, அதாவது விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் பரப்புக்கு, சென்சாரில் எவ்வளவு ஒளி சேர வேண்டும் என்பதற்கு எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு: 10ஐ ஐஎஸ்ஓ எண்ணால் வகுத்தால் லக்ஸ்-வினாடியில் விடை கிடைக்கும். 800க்கு 0.0125, 12,800க்கு 0.00078. பச்சை ஒளியில் ஒரு லக்ஸ்-வினாடி என்பது ஒரு சதுர மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ 4,000 ஃபோட்டான்கள். அலெக்ஸாவின் ஒரு பிக்செல் 8.25 மைக்ரோமீட்டர் அகலம். பரப்பு 68 சதுர மைக்ரோமீட்டர். 800 என்ற எண்ணில் நடுச் சாம்பலைப் பதியும் பிக்செலில் சுமார் 3,500 ஃபோட்டான்கள் விழும். வண்ண வடிகட்டி விழுங்கியதும் சிலிக்கான் தவறவிட்டதும் போக மூன்றில் ஒரு பங்கு எலக்ட்ரானாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் 1,150 எலக்ட்ரான்கள். எஃப்எக்ஸ்3இல் பதிவாகும் பிக்செலின் அகலம் சுமார் 8.4 மைக்ரோமீட்டர், கிட்டத்தட்ட அதே அளவு. எதிரெதிராக நிறுத்தப்படும் இரண்டு கேமராக்களும் ஒளியை ஏந்தும் பரப்பில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பது நம் ஒப்பீட்டுக்கு வசதி. அங்கே 12,800இல் அதே நடுச் சாம்பலுக்குக் கிடைப்பது 225 ஃபோட்டான்கள், அதாவது 75 எலக்ட்ரான்கள். அந்த எண் சென்சாரைக் கூர்மையாக்கவில்லை. ஒரு பிக்செலுக்கு 75 எலக்ட்ரான் போதும் என்கிறது, அவ்வளவுதான்.

போதுமா என்பதை ஃபோட்டான்களே தீர்மானிக்கின்றன. அவை வரிசையில் நின்று ஒழுங்காக வருவதில்லை. சராசரியாக 100 வர வேண்டிய இடத்தில் ஒருமுறை 92 வரும், அடுத்தமுறை 107 வரும். இந்த ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூலத்துக்குச் சமம் என்பது உறுதியான புள்ளியியல் விதி. திரையில் துள்ளுகிற புள்ளிகளாக நாம் பார்ப்பதில் பெரும்பங்கு கேமராவின் குறையால் வருவதில்லை. ஒளியின் சுபாவமே அது. 1,150இன் வர்க்கமூலம் 34. ஆகவே அலெக்ஸாவின் நடுச் சாம்பலில் சைகை இரைச்சலைப் போல் 34 மடங்கு. 75இன் வர்க்கமூலம் 8.7, எஃப்எக்ஸ்3இல் அந்த விகிதம் 9க்குச் சற்றுக் குறைவு. இப்போது தரநிலையின் இரண்டு கோடுகளையும் நினைத்துப் பாருங்கள்: 40 'மிக நன்று', 10 'ஏற்கத்தக்கது'. ஒரு நிறுவனம் தன் எண்ணை முதல் கோட்டின் அருகே வைத்திருக்கிறது, மற்றொன்று தன் எண்ணை அடுத்த கோட்டின் அருகே வைத்திருக்கிறது. 40 வேண்டுமென்றால் 1,600 எலக்ட்ரான் தேவை, 10க்கு 100 போதும். இரண்டுக்கும் இடையே சரியாக 16 மடங்கு. தரநிலை தன் அளவீட்டைப் பதப்படுத்தப்பட்ட படத்தில் செய்கிறது, நான் தனிப் பிக்செலில் கணக்கிட்டிருக்கிறேன் என்பதால் விடைகள் அச்சாகப் பொருந்தும் என்று அடம்பிடிக்க மாட்டேன். இந்த எண்களைத் தேர்ந்தெடுத்தபோது அந்தக் கோடுகளை நிறுவனங்கள் பார்த்தன என்றும் சொல்லவில்லை. ஆனால் நாலு ஸ்டாப் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். 12,800 என்பது ஏதோ விளம்பரத்துக்காகப் போட்ட எண் அல்ல. அந்தக் கேமராவுக்குள் உண்மையிலேயே இரண்டாவது மின்சுற்று நிலை இருக்கிறது, இரண்டு அடிப்படை எண்கள் என்று சொல்வதற்குப் பௌதிகக் காரணம் இருக்கிறது என்பார்கள். சரிதான். பானசோனிக் 2014இல் அறிவித்த வேரிகேம் 35 கேமராவில் 800, 5,000 என்று இரண்டு எண்கள் வந்தன. 2017இல் 500 என்ற ஒரே எண்ணோடு வெளிப்பட்ட சோனி வெனிஸுக்கு, அடுத்த ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பில் 2,500 சேர்ந்தது. இதன் சூட்சுமம் எலக்ட்ரானை வோல்டேஜாக மாற்றும் இடத்தில் இருக்கிறது. பிக்செலில் சேர்ந்த மின்னூட்டம் ஒரு மிகச்சிறிய மின்தேக்கியில் கொட்டப்படுகிறது. அதன் கொள்ளளவு ஒரு ஃபெம்டோஃபாரட் என்றால் ஒவ்வொரு எலக்ட்ரானும் 160 மைக்ரோவோல்ட்டை எழுப்பும். கொள்ளளவைப் பாதியாக்கினால் 320. பின்னால் வரும் பெருக்கியின் சொந்த இரைச்சல் வோல்ட்டில் மாறாமல் இருப்பதால், எலக்ட்ரான் கணக்கில் அது பாதியாகிவிடும். மின்தேக்கி சீக்கிரம் நிரம்பிவிடுவதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. இதனால் கிடைக்கும் லாபம் கற்பனையில்லை. 12,800இல் நடுச் சாம்பலுக்கு ஐந்து ஸ்டாப் கீழே இருக்கும் நிழலில் பிக்செலுக்கு இரண்டு எலக்ட்ரான்களே மிஞ்சுகின்றன. சுற்றின் இரைச்சல் ஐந்தாறு எலக்ட்ரான் என்றால் அந்த நிழல் அதில் மூழ்கிவிடும். ஒன்று இரண்டு என்றால் ஏதோ தெரியும். ஆகவே இரண்டாவது அடிப்படை எண் நல்ல பொறியியல்தான். ஆனால் அது ஒரு ஃபோட்டானைக்கூடக் கூடுதலாகப் பிடிப்பதில்லை. நடுச் சாம்பலின் 75ஐ அது 76 ஆக்காது. வந்து சேர்ந்த கொஞ்சத்தைச் சேதாரமில்லாமல் எண்ணித் தருகிறது. அலெக்ஸா இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. ஒவ்வொரு பிக்செலையும் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பெருக்கத்தில் படித்து, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்குகிறது. அங்கே இரண்டாவது பெருக்கம் எப்போதும் வேலை செய்துகொண்டே இருப்பதால் அதற்கென்று தனி எண் கிடையாது. வெளியே எண்ணாகத் தெரியவில்லை என்பதால் உள்ளே இல்லை என்று ஆகிவிடுமா?

அடிப்படை எண்ணை விட்டு மேலே கீழே நகரும்போது குழப்பம் இன்னும் கூடும். அலெக்ஸா போன்ற கேமராவில் இ.ஐ.யை 800இலிருந்து 1,600க்கு மாற்றினால் சென்சாரில் எதுவும் மாறுவதில்லை. நிழல் முதல் வெண்மை வரை அது ஏந்தக்கூடிய 14 ஸ்டாப் வீச்சு, அதாவது டைனமிக் ரேஞ்ச், அப்படியே இருக்கிறது. மாறுவது பாகப்பிரிவினை. 800இல் நடுச் சாம்பலுக்கு மேலே சுமார் ஏழரை ஸ்டாப், கீழே ஆறரை. 1,600 என்று வைத்ததும் மானிட்டர் பிரகாசமாகிறது, லைட் மீட்டரும் குறைவான ஒளியைக் கேட்கிறது, ஒளிப்பதிவாளர் அபர்ச்சரை ஒரு ஸ்டாப் மூடுகிறார். இப்போது மேலே எட்டரை, கீழே ஐந்தரை. அண்ணனுக்கு ஒரு காணி கூடினால் தம்பிக்கு ஒரு காணி குறையும். மொத்த நிலம் வளராது. இதிலிருந்து கிடைக்கும் முடிவு, புகைப்படக் கேமராவில் பழகியவர்களின் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. மேகமும் அலையும் கண்ணைக் கூசவைக்கும் உச்சிவெயிலில், வெண்மை வெடித்துப்போகாமல் காக்க எண்ணை உயர்த்த வேண்டும். இருட்டான காட்சியில் நிழல் சுத்தமாக வர வேண்டுமென்றால் எண்ணைக் குறைத்து, அதாவது 400 என்று வைத்து, கூடுதல் விளக்குப் போட வேண்டும். ஃபிலிம் நெகட்டிவை அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிடக் குறைத்து மதிப்பிட்டு அதிக ஒளி கொடுத்துவந்த ஒளிப்பதிவாளர்களுக்கு இது புதிதில்லை. அவர்கள் மீட்டரை ஏமாற்றித் தமக்கு வேண்டிய நெகட்டிவைப் பெற்றார்கள்.

'கூடுதல் விளக்குப் போட முடிந்தால் நான் ஏன் எண்ணை உயர்த்தப்போகிறேன், வெளிச்சமே இல்லாத தெருவில் என்ன செய்ய?' என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ராவில் பதிவு செய்பவருக்குப் பதில் எளிது: எண்ணை உயர்த்தினாலும் ஒன்றுதான், பின்னால் வண்ணம் சீர்செய்யும் மேசையில் பிரகாசத்தை ஏற்றினாலும் ஒன்றுதான். பதிவான எலக்ட்ரான்கள் அதேதான். படப்பிடிப்பில் எண்ணை உயர்த்துவதால் இயக்குநர் மானிட்டரில் எதையாவது பார்க்க முடியும் என்பதே பயன். ஆனால் ரா இல்லாமல், சுருக்கிய கோப்பாகப் பதிவு செய்யும் கேமராக்களில் நிலைமை வேறு. அங்கே நிழலின் நுணுக்கங்களை அப்படியே இருட்டாக விட்டுவைத்தால், சுருக்கும் மென்பொருள் அவற்றைத் தேவையற்றவை என்று தூக்கி எறிந்துவிடும். பதிவுக்கு முன்பே பெருக்கிவிட்டால் அவை தப்பிக்கும். ஆக, எண்ணை உயர்த்துவதால் எப்போதும் பயனில்லை என்று சொல்லும் தீவிரவாதமும் தவறு. எந்தப் பெருக்கம் எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்க்காமல் இதில் பொதுவிதி பேச முடியாது. அந்த விவரத்தைத்தான் எண் மறைத்துவிடுகிறது.

பெரிய பிக்செல் இருந்தால்தான் இருட்டில் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்து ஊறிப்போயிருக்கிறது. 2014இல் வந்த சோனி ஏ7எஸ் கேமரா 12 மெகாபிக்செலோடு நிறுத்திக்கொண்டு, 4,09,600 வரை எண்ணை ஏற்றிக் காட்டியபோது இந்த நம்பிக்கைக்கு முத்திரை விழுந்தது. தனிப் பிக்செலை எடுத்தால் உண்மைதான். பரப்பு கூடினால் ஃபோட்டான் கூடும். ஆனால் நாம் பிக்செலைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்க்கிறோம். ஒரே அளவுள்ள சென்சாரை நான்கு மடங்கு பிக்செல்களாக வெட்டினாலும் அதில் விழும் மொத்த ஒளி குறைவதில்லை. 8கே படத்தை 4கே ஆகச் சுருக்கும்போது நான்கு பிக்செல்களின் கணக்கு ஒன்றாகச் சேர்ந்து, சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் இரட்டிப்பாகிறது. சுற்றின் இரைச்சல் மட்டுமே பிக்செலுக்குப் பிக்செல் கூடும். அதுவும் இன்றைய சென்சார்களில் சிறிது. வெனிஸின் வரலாறே இதற்குச் சாட்சி. முதல் வெனிஸின் சென்சாரில் கிடைவரிசைக்கு 6,048 பிக்செல். எண்கள் 500, 2,500. 2021இல் அறிவிக்கப்பட்ட வெனிஸ் 2இன் சென்சாரும் ஏறக்குறைய அதே அகலம், ஆனால் 8,640 பிக்செல். ஒவ்வொரு பிக்செலின் பரப்பும் பாதியானது. எண்களோ 800, 3,200 என்று ஏறின. இருட்டுக்கு உண்மையில் உதவுவது சென்சாரின் மொத்தப் பரப்பு. எஃப்எக்ஸ்3இன் ஃபுல் ஃபிரேம் சென்சார், அலெக்ஸாவின் சூப்பர் 35 அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே ஒரு ஸ்டாப் அளவுக்கு மெய்யான ஆதாயம் உண்டு. நாலில் ஒன்று.

எண்ணை எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்பதற்குக் கேனான் 2015இல் அறிமுகப்படுத்திய எம்இ20எஃப்-எஸ்ஹெச் நல்ல உதாரணம். அதன் பிக்செல்கள் 19 மைக்ரோமீட்டர், பரப்பில் அலெக்ஸாவினுடையதைப் போல் ஐந்து மடங்கு. அதன் உச்ச ஐஎஸ்ஓ 40 லட்சத்துக்கு மேல் என்று அறிவிக்கப்பட்டது. அதே வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்தால், 40 லட்சத்தில் நடுச் சாம்பலுக்குப் பிக்செலில் விழுவது மூன்று நான்கு ஃபோட்டான். எலக்ட்ரானாக மாறுவது ஒன்று. ஒன்றின் வர்க்கமூலம் ஒன்று, சைகையும் இரைச்சலும் சரிசமம். இரவில் விலங்கின் நடமாட்டத்தைக் கண்டறியவோ கண்காணிப்புக்கோ இது மகத்தான கருவி. உருவம் இருக்கிறதா இல்லையா என்பதே அங்கே கேள்வி. ஒரு நடிகையின் முகத்தில் ஓடும் உணர்ச்சியைப் பெருந்திரையில் காட்டுவது வேறு தொழில். இரண்டுக்கும் ஒரே அலகில் எண் கொடுத்து ஒரே வரிசையில் நிறுத்துகிறோம்.

அப்படியானால் டிஜிட்டல் வந்த பிறகு இரவுக்காட்சிகள் மாறியது பிரமையா என்றால், இல்லை, மாற்றம் உண்மை. ஆனால் அதன் காரணம் எண்ணில் இல்லை. ஃபிலிமின் வெள்ளி உப்புத் துகள் டெவலப் ஆக வேண்டுமென்றால் அதில் மூன்று நான்கு வெள்ளி அணுக்களாவது ஒன்றுசேர வேண்டும். அதற்குள் போதிய ஃபோட்டான் வரவில்லையென்றால் வந்தவையும் வீண், துகளில் எந்தத் தடயமும் மிஞ்சாது. மங்கலான ஒளிக்கு ஃபிலிமில் ஒரு வாசற்படி இருக்கிறது, அதற்குக் கீழே எதுவும் இல்லை. சிலிக்கானில் வாசற்படி இல்லை. ஒரு ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானை எழுப்பினால் அது கணக்கில் ஏறிவிடும். பிடிக்கும் விகிதத்திலும் ஃபிலிம் நூறு ஃபோட்டானில் ஓரிரண்டை மட்டுமே பயன்படுத்தியது, இன்றைய சென்சார் தனக்கு உகந்த நிறத்தில் பாதிக்கு மேல் பிடிக்கிறது. 2004இல் மைக்கேல் மான் 'கொலேட்டரல்' படத்தின் லாஸ் ஏஞ்சலஸ் இரவுகளை தாம்சன் வைப்பர், சோனி எஃப்900 கேமராக்களில் எடுத்தார். இன்றைய அளவில் அவற்றின் சென்சார்கள் சிறியவை, இரைச்சல் மிகுந்தவை. ஆயினும் தெருவிளக்குகளின் ஒளி மேகத்தில் பட்டுச் சிதறும் அந்த மங்கிய வானம் திரையில் வந்தது, அதுவரை ஃபிலிம் பெரும்பாலும் கறுப்பாகவே காட்டிவந்த வானம். நிழல்களில் புள்ளிகள் துள்ளத்தான் செய்தன. மான் அதைப் பொருட்படுத்தவில்லை, பார்த்தவர்களில் பலரும் பொருட்படுத்தவில்லை. எவ்வளவு இரைச்சலைப் பொறுத்துக்கொள்வது என்பது கலைத் தீர்மானம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்தத் தீர்மானத்தை எண்ணில் ஏற்றி, கருவியின் குணம்போல் விற்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

எண்ணை விட்டுவிட்டு ஒளியைப் பார்த்தால் பழைய சாதனைகளும் தெளிவாகப் புரியும். ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' 1975இல் வந்தது. அதன் மெழுகுவர்த்திக் காட்சிகளை ஜான் ஆல்காட், நாசாவுக்காக ஸைஸ் தயாரித்த எஃப்/0.7 லென்ஸில் எடுத்தார். ஃபிலிமின் வேகம் 100. ஒரு ஸ்டாப் கூடுதலாக டெவலப் செய்து 200 ஆக்கினார்கள். எஃப்/0.7க்கும் எஃப்/2க்கும் இடையே மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு ஒளி. ஆகவே எஃப்/0.7இல் 200 என்பது எஃப்/2இல் 1,600க்குச் சமம். இன்று ஒரு சாதாரண எஃப்/2 லென்ஸைப் போட்டு அலெக்ஸாவை 1,600இல் வைத்தால் அதே அறையில் அதே எக்ஸ்போஷர் கிடைக்கும். நிலா வெளிச்சத்துக்கும் இப்படிக் கணக்குப் போடலாம். முழு நிலவு நன்றாகக் காயும்போது தரையில் கால் லக்ஸ், லென்ஸ் டி/1.4, ஒரு ஃபிரேமுக்கு 1/48 வினாடி. நடுச் சாம்பல் பகல்போலப் பதிய வேண்டுமென்றால் 80,000க்கு மேற்பட்ட எண் தேவை. 12,800 அதைவிட இரண்டரை ஸ்டாப்புக்கு மேல் குறைவு. ஆனால் நிலவு பகல்போலத் தெரியவேண்டும் என்று யார் கேட்டார்கள்? இரவு இரவாகத் தெரிய, நடுச் சாம்பல் இரண்டு மூன்று ஸ்டாப் கீழே கிடக்கத்தான் வேண்டும். எட்வர்ட்ஸ் சொன்னது நடக்கக்கூடியதே என்று கணக்கும் சொல்கிறது. எலக்ட்ரானில் சொன்னால் அந்தச் சாம்பலுக்கு ஒரு பிக்செலில் ஒரு ஃபிரேமுக்கு 12 அல்லது அதற்கும் குறைவு. இரண்டாவது மின்சுற்று நிலை இல்லையென்றால் அதைத் தொட்டிருக்கவே முடியாது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிரமமில்லை. அலெக்ஸாவைவிட எஃப்எக்ஸ்3 16 மடங்கு மேல் என்பதுதான் இதிலிருந்து வராது.

இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் வந்துவிட்டதே, இந்த எலக்ட்ரான் கணக்கெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அடுத்தடுத்த ஃபிரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அசையாத சுவரில் இரைச்சல் குறையும். நான்கு ஃபிரேம் சேர்த்தால் பாதியாகும், அதே வர்க்கமூல விதிப்படி. ஆனால் அசையும் முகத்தில் சராசரி எடுத்தால் முகம் மெழுகாகிவிடும். கற்றுக்கொண்ட மாதிரிகளைக் கொண்டு இன்றைய மென்பொருள்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன. அவை நிரப்புவது பதிவான தகவலை வைத்து அல்ல, ஊகத்தை வைத்து. ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கலாம். தோலின் துளையும் துணியின் நெசவும் எப்படி இருக்கும் என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் அதைச் சென்சாரின் உணர்திறன் கணக்கில் வரவு வைக்க முடியாது. நிறுவனங்களின் டைனமிக் ரேஞ்ச் எண்களிலும் இதே பூச்சு வேலை நடக்கிறது. நிழலின் அடிமட்டத்தைச் சைகையும் இரைச்சலும் சமமாகும் இடத்தில் குறிப்பதா, இரண்டு மடங்காகும் இடத்தில் குறிப்பதா என்பதைப் பொறுத்து ஒரே கேமராவுக்கு ஒரு ஸ்டாப்போ அதற்கு மேலோ கூடிக் குறையும். எண்ணோடு அந்தக் கோட்டையும் சேர்த்துச் சொன்னால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 12,800 என்பதோடு 'நடுச் சாம்பலில் இரைச்சல் விகிதம் 9' என்று ஒரு வரி போட எவ்வளவு மை செலவாகப்போகிறது?

இனிச் சென்சாரிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. சிலிக்கான் பாதிக்கு மேல் பிடித்துவிட்டதால் அங்கே மிச்சமிருப்பது ஒரு ஸ்டாப்புக்கும் குறைவு. வண்ண வடிகட்டி தடுக்கும் ஒளியைத் திரும்பப் பெறலாம், வண்ணத்தை இழந்தால். 2020இல் டேவிட் ஃபின்ச்சரின் 'மாங்க்' படத்துக்கு வடிகட்டியே இல்லாத ரெட் கறுப்பு-வெள்ளைக் கேமராவைப் பயன்படுத்தினார்கள். லென்ஸில் எஃப்/0.7ஐத் தாண்டி இறங்க அதிக இடமில்லை, காற்றில் கோட்பாட்டு எல்லையே எஃப்/0.5. புகைப்படக்காரர் முக்காலியில் வைத்து அரை நிமிடம் திறந்துவைப்பார். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் சினிமாவில் 1/24 வினாடிக்கு மேல் ஒரு கணமும் கிடையாது. பிக்செலின் சுற்றிரைச்சலைக் குறைப்பதில்தான் பொறியாளர்கள் இன்னும் சில்லறை தேடிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் கிடைக்கத்தான் செய்கிறது. 2022இல் ஆர்ரி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு புதிதாக உருவாக்கிய சென்சாரோடு அலெக்ஸா 35ஐ வெளியிட்டது. மொத்தம் 17 ஸ்டாப். பழையதைவிட வெளிச்சப் பக்கம் ஒன்றரை ஸ்டாப் அதிகம், நிழல் பக்கம் ஒரு ஸ்டாப் அதிகம் என்று அறிவித்தார்கள். 6,400 வரை இ.ஐ. வைக்கலாம், உயர்ந்த எண்களுக்கு இரைச்சல் குறைக்கும் தனி முறையும் உண்டு, அதைத் தனிப் பெயரிட்டு வேறாகவே காட்டுகிறார்கள். நிழலில் ஒரு ஸ்டாப் முன்னேறிய அந்தக் கேமராவின் அடிப்படை எண்ணாக அவர்கள் அறிவித்தது 800.